மேகத்துப்பிள்ளை

அம்மா,
அப்படி அழைக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள்.
பெற்றவளை நான் ஆத்தை என்பதால்
அந்தச் சொல் என்னிடம் சும்மாதான் கிடந்தது.
எடுத்துக்கொள்ளுங்கள்.

இது துரைசாணி பார்த்துத் திருத்தாத கடிதம்.
காகிதம் கேட்டால் எதற்கென்பார்.
ஓலையில் கீறுகிறேன், தமிழில்,
குத்தினால் கிழியுமென்று புள்ளியில்லாமல்.
உங்களால் ஓர் எழுத்தும் வாசிக்க முடியாது.
அதனால்தான் கை நடுங்கவில்லை.

நீங்கள் புரட்டாசியில் மடித்த முதல் தாள்
அத்திலாந்திக்கில் ஆடி, ஆபிரிக்க முனை வளைந்து,
கல்கத்தாவில் எவனோ ஒருவனின் பெட்டிக்கடியில் கிடந்து,
ஊர்காவற்துறையில் தோணி இறங்கி
உடுவிலுக்கு வந்தபோது
வைகாசிச் சோளகம் வகுப்பறைக்குள் மண் இறைத்துக்கொண்டிருந்தது.
உப்புத் தண்ணீர் பட்டு உங்கள் வணக்கம் பாதி போயிருந்தது.
"முழங்கால்வரை பனி" என்று வாசித்துச் சொன்னார்கள்.
நாங்கள் மார்கழிப் புல்லில் நனையும் குதிக்காலை நினைத்து
அவ்வளவு நீர் எப்படிப் புல்லில் தங்குமென்று
விளக்கு அணையும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

பெயருக்கு வருகிறேன்.
உங்கள் மகள் பதினோரு வயதில் காய்ச்சலில் போனாள்.
வருஷத்துக்கு இருபது டொலர்.
அந்தக் காசில் எனக்குச் சோறு, சீலை, வேதபாடம்,
அவளுடைய பெயர்.
மெகிற்றபிள் தாக்ஸ்ற்றர்.
பதிவேட்டில் கதிராசி என்றிருந்ததன்மேல்
ஒரு நேர்கோடு.
அழகாகத்தான் இழுத்திருந்தார்கள்.

சனிக்கிழமை பார்க்கவந்த ஆத்தைக்கு நாக்கு வளையவில்லை.
மூன்று தரம் முயன்றாள்.
பிறகு, சரிந்த பானையைத் திரிகணையில் நிமிர்த்துவதுபோல
"மேகத்துப்பிள்ளை" என்றாள்.
"நல்ல பேர்தானே" என்றும் சொன்னாள்.

அடுத்த கடிதத்தில் தலைமயிர் கேட்டீர்கள்.
ஒரு சுருள் போதும்,
இறந்தவளுடையதற்குப் பக்கத்தில் வைக்க.
உங்கள் ஊரில் அது அன்பு என்றார் துரைசாணி.
எங்கள் ஊரில் மயிர் கைமாறினால்
அதற்குச் செய்வினை என்று பெயர்.
ஆத்தை சண்டை பிடிப்பாள் என்றிருந்தேன்.
கொண்டையை அவிழ்த்தாள்.
மடியிலிருந்த பாக்குவெட்டியால்
தன் மயிரில் ஒரு பிடி அறுத்தாள்.
"வாறது எனக்கு வரட்டும். இதைக் குடு."

குடுத்தேன்.
துரைசாணி நீல நாடா கட்டினார்.

போக எட்டு மாதம், வர எட்டு மாதம்.
அதற்கிடையில் சண்டிலிப்பாயில் பேதி புகுந்தது.
வேதக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையென்று
என்னைப் படலைக்குள் விடவில்லை.
வெளியே கிளுவை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
உள்ளே பறை கேட்டது.
சாம்பலைக் கீரிமலையில் கரைத்தார்களாம்,
அதுவும் பிறகு யாரோ சொல்லித்தான்.

போன கிழமை உங்கள் பதில் வந்தது.
"மகளே, உன் கூந்தல் அவளுடையதைவிடக் கறுப்பு.
ஆனால் அதில் ஒரு நரை கண்டேன்.
இந்த வயதில் உனக்கென்ன துயரம்?"

துரைசாணி என் தலையை ஒருமுறை பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
நாளை அவர் திருத்திய பதில் போகிறது:
நலம். நரை எப்படி வந்ததென்று தெரியாது.
ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா,
அவளில் நெருப்புத் தொடாதது
உங்கள் இழுப்பறையில் இருக்கிறது.
ஈரம் படாமல் வையுங்கள்.
உங்கள் பனி எவ்வளவு உயரம் வருமென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காகிதத்தில் முழுப்பெயரும் எழுதிவிட்டேன்.
ஓலையில் அவ்வளவு இடமில்லை.
குறிலுக்கும் நெடிலுக்கும் இங்கே ஒரே கொம்புதான்.
உங்களுக்கும் ஆத்தைக்கும் பொதுவாக
அந்த ஓரெழுத்தோடு நிறுத்துகிறேன்.

மெ