எர்த் இல்லாத ஊர்

பள்ளத்தூர். ஐப்பசிப் புழுக்கம்.
பூட்டிக் கிடக்கும் நாலு வீட்டுக்கு நடுவே
வாடகை மாடியில்
வியாழன் இரைந்துகொண்டிருக்கிறது.

இரைச்சல் என்றால் எண்கள்தான்.
விண்கலம் இருட்டில் நீட்டிய இரண்டு கம்பிகளில் சிக்கியவை.
முக்கால் மணி நேரம் வழியில் இருந்தவை.
பிறகு ஏழு மாதம் யாருடைய கணினியிலோ கிடந்தவை.
சீழ்க்கை எது, குப்பை எது என்று பிரிப்பது என் வேலை;
கோப்புக்கு இவ்வளவு என்று கூலி.

மின்னலின் சீழ்க்கை இறங்கும்.
கீச்சு முதலில் வந்துவிடும்,
கனத்த குரல் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு
தாமதமாக,
மேலே போய்த் தோற்ற தீபாவளி ராக்கெட்போல.

நேற்றிலிருந்து வேறொன்று.
டிக். நூற்றுப்பத்து விநாடி. டிக்.
எவரும் கேட்டிராதது என்று நினைத்தேன்.
மின்னஞ்சல்கூடப் பாதி எழுதிவிட்டேன்.
ஹெட்போனில் ஊர்க் கரகரப்பு வேறு கலந்ததால்
மின்வாரியத்துக்குப் போன் போட்டேன்.

வெள்ளைச்சாமி டிவிஎஸ்ஸில் வந்தார்.
சட்டைப் பையில் டிரான்சிஸ்டர்,
எந்த ஸ்டேஷனிலும் இல்லாமல்.
"பாட்டு இல்லாத இடத்துல வச்சாத்தான் கம்பி பேசும்."
கம்பம் கம்பமாக நடந்தார்.
சித.வெ. வீட்டு முகப்புக்கு எதிரே
ரேடியோ பொரிந்தது.
ஏறினார். பீங்கானில் மயிரிழை விரிசல்.

தண்ணீர் குடிக்க மாடிக்கு வந்தவர் திரையைப் பார்த்தார்.
"இது எந்த ஃபீடர்?"
வியாழன் என்றேன். அங்கே அடிக்கும் மின்னல்.
"யாரு லைன் இழுத்தது?"
சிரித்துவிட்டு, சிரிக்காமல் கேட்டார்:
"எங்கத்தா விழும்?"

விழாது. தரை கிடையாது.
மேகத்துக்குக் கீழே மேகம்,
அதற்கும் கீழே அழுத்தம், சூடு, இன்னும் இறக்கம்.
"எர்த் இல்லையா?"
இல்லை.
டம்ளரைக் கீழே வைக்காமல்
கொஞ்ச நேரம் நின்றார்.
கம்பத்திலிருந்து ஒருமுறை விழுந்தவராம்,
முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

ஹெட்போனை மாட்டிவிட்டேன்.
சீழ்க்கைகளுக்குத் தலையாட்டினார்.
டிக் வந்ததும் கழற்றினார்.
"இது மின்னலில்லத்தா.
மின்னல் இம்புட்டு ஒழுங்கா வேல பாக்காது.
உள்ளுக்க ஏதோ ஆன் ஆகி ஆஃப் ஆகுது."

அவர் போனபின்
கலத்தின் பராமரிப்புப் பதிவைத் திறந்தேன்.
ஹீட்டர் நான்கு.
குளிர் தாங்காமல்
தன்னைத் தானே சூடேற்றிக்கொண்டிருந்த கலம்
தன் பல் நடுக்கத்தையும் சேர்த்து
அனுப்பியிருக்கிறது.
மின்னஞ்சலை அழித்தேன்.
கோப்பில் எழுதினேன்: குப்பை.
அந்தச் சொல் பிடிக்கவில்லை. அழித்து,
சொந்த ஒலி என்று மாற்றினேன்.

ஏழரைக்கு மழை.
கானாடுகாத்தான் பக்கம் வெளிச்சம், ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள்
கண்ணாடி அதிர்ந்தது.
பிளக்கைப் பிடுங்கினேன். தெருவே அணைந்தது.
வெள்ளைச்சாமி எங்கோ நனைந்துகொண்டிருப்பார்.

பேட்டரி பதினான்கு சதவீதம்.
ஹெட்போனில் இன்னொன்று இறங்குகிறது.
போய்ச் சேர இடமில்லை.
இறங்குகிறது.