மொழிபெயர்க்காமல் விட்டது

ரோகிஷ்கிஸில் என் வேலை
பயிற்சியாளர் கத்துவதை ஆங்கிலத்தில் மெல்லச் சொல்வது.
இரண்டாம் பிரிவு அணி.
வென்றால் ஆளுக்கொரு பாலாடைக்கட்டி உருண்டை,
தொழிற்சாலை உபயம்.

லமாண்ட் பிரூயிட் அக்டோபரில் வந்தான்.
ஒஹாயோ மாநிலம், டொலீடோ.
சைப்ரஸில் ஒரு பருவம், கொசோவோவில் பாதி,
பிறகு ஒரு வருடம் எதுவும் எழுதாமல் வெற்றிடம்.
விமான நிலையத்தில் மெல்லிய சட்டையோடு நின்று
இதுதான் உங்கள் குளிரா என்றான்.
இல்லை, அது இன்னும் வரவில்லை என்றேன்.
முதல் வாரம் கற்ற ஒரே சொல் 'ஆச்சூ'.
நன்றி என்று அர்த்தம்.
ஊருக்கே ஜலதோஷம் என்றல்லவா நினைத்தேன் என்றான்.

பயிற்சி முடிந்ததும் பாதி விளக்கை அணைத்துவிடுவார்கள்.
அந்த அரையிருட்டில்தான் அவனைப் பார்க்க வேண்டும்.
வலக்கைக்காரன், இடக்கையால் எறிவான்.
பந்து வளையத்தைத் தொடாது,
வலை மட்டும் ஒரு மூச்சு விடும்.
தரை துடைக்கும் ஸ்தாசே துடைப்பத்தில் சாய்ந்து எண்ணுவாள்.
ஒருநாள் நாற்பத்தொன்றில் அவள் போன் அடித்தது.
எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஆள்.
கைக்கு வந்த பந்தைச் சுட்டதுபோல்
அடுத்தவனிடம் கொடுத்துவிடுவான்.
நல்ல கொடுப்பு, கைதட்டத் தோன்றும் கொடுப்பு.
ஒரு புள்ளி பின்னே, நான்கு நொடி பாக்கி,
முன்னால் யாருமே இல்லை.
அப்போதும் கொடுத்தான்.

இலைமறை காய் என்பார்கள்.
நவம்பரில் இங்கே இலையே இல்லை.

"இவன் காலை எவன் தரையில் ஆணியடித்தான், கேள்!"
இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறார் என்றேன்.
"இந்தக் கையில் பாதி எனக்கு இருந்திருந்தால்!"
கையை உயர்த்தி வை என்கிறார்.
தலையாட்டினான். ஓடினான். உயர்த்தினான்.

பிப்ரவரியில் ஒப்பந்தத்தை முறித்தார்கள்.
அலுவலக அறையில் வைதோதஸ் அன்று கத்தவில்லை.
மேசையின் கீறலை நகத்தால் நோண்டிக்கொண்டே சொன்னார்:
இருபத்தாறு வருடத்தில் மூன்று பேரைப் பார்த்தேன்,
எங்கே வேண்டுமானாலும் ஆடக்கூடியவர்கள்.
இவன் இரண்டாமவன்.
இவனை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை,
அதையும் அவனிடம் சொல்.

இருவரும் என் வாயைப் பார்த்தார்கள்.
நன்றி சொல்கிறார் என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன்?
முப்பத்தோரு வயதில் அதைக் கேட்டு
ஒருவன் எந்த ஊருக்குப் போவான்
என்று நினைத்தேனோ என்னவோ.
வில்னியஸ் போய்ச் சேரும்வரை கூட
அவனோடு உட்காரப் போவது நானில்லை.

அறையைக் காலி செய்யப் போனபோது
கட்டிலுக்கடியில் ஐந்து பாலாடைக்கட்டி, தாள் பிரிக்காமல்.
ஸ்தாசேவுக்குக் கொடு என்றான்.

பேருந்து நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு,
அவர் ரொம்ப நேரம் பேசினாரே என்றான்.
எங்கள் மொழியில் நன்றி நீளம் என்றேன்.
சிரித்தான்.
"தும்மல் அளவுதானே அது."

அடுத்து கேட்பான் என்று நின்றேன்.
சொல்லியிருப்பேன், சத்தியமாக.
ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டான்.
முன்னால் யாருமே இல்லை.
கேள்வியை என் கையில் கொடுத்துவிட்டு
அவன் ஏறிக்கொண்டான்.