ன் தீர்ந்த இரவு

குடியரசுக்கு அப்போது ஒரு வயதும் சில மாதமும்.
பாணுக்கு விடியமுன்னே கியூ.
கடதாசி வேண்டுமென்றால் ஆரையாவது பிடிக்கவேண்டும்.
அவருக்கு மட்டும் பதினெட்டு றீம் வந்திறங்கியது
வுல்ஃபெண்டால் வீதியில், மழைக்குள்.

திறைசேரித் துணைச் செயலாளர் குலநாயகம்
அந்நியச் செலாவணிப் பெர்மிட்டை விற்றார் என்று
சபையில் ஒருவர் எழும்பினார்.
மாதாமாதம் ஒஸ்வின் என்பவனுக்கு
நூற்றைம்பது ரூபா போனது ஏன்?

பதில் முப்பத்திரண்டு பக்கம்.
கையெழுத்து ஓரிடத்திலும் நடுங்கவில்லை.
"அரசாங்கத்தின் ஒரு சதத்தையும் நான் தொட்டதில்லை.
நான் தொட்டது ஒஸ்வினின் மனைவியை.
பணம், அவன் வாயை மூட."

நான் எழுத்துக் கோர்ப்பவன்.
பாவம் எது, நியாயம் எது என்று பார்ப்பதில்லை.
எனக்கு எல்லாம் ஈயம்,
அதுவும் தலைகீழாக, இடம்வலம் மாறி.

ஒன்பதாம் பக்கத்தில் ன் தீர்ந்துபோனது.
நான், நான், நான் என்று அத்தனை தரம்.
பெட்டியின் மூலையெல்லாம் விரலால் துழாவிவிட்டு
பக்கத்து அச்சகத்தில்
கோர்த்து வைத்திருந்த கலியாணக் காட் ஒன்றைப் பிரிக்கச் சொல்லி
ஒரு சிறங்கை ன் கடன் வாங்கினேன்.
மெர்லின் என்ற பெயருக்கு மூன்று போனது.
அவருடைய மனைவிக்கு ஒன்றும் போகவில்லை.
'இல்லத்தரசி' என்று ஒரேயொரு இடம்.
அதில் ன் இல்லை.

மறுநாள் பின்னேரம்
குடை சொட்டச் சொட்ட ஒரு பெண் வந்தார்.
புரூஃபைக் கேட்டார்.
முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம்.
கொடுக்கக்கூடாது. கொடுத்தேன்.
நின்றபடியே வாசித்தார்,
கடைக்கணக்குப் பார்ப்பதுபோல, கடைசிப் பக்கம்வரை.
பிறகு என் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேட்டு
பதினோராம் பக்கத்தில் ஒரு சொல்லை வெட்டினார்.

"ஆடியிலை தொடங்கேல்லை. ஆனியிலை.
நான் பிள்ளைப்பெறுவுக்குப் பருத்தித்துறை போன கிழமை."

பென்சிலை முந்தானையில் துடைத்துத் தந்தார்.
பெயரை நான் கேட்கவில்லை.
பிறகொரு பேப்பரில் பார்த்தேன்: யோகாம்பிகை.

ஒரேயொரு எழுத்துத்தான்.
டியைக் கிள்ளி எடுத்து
னியை வைத்து இறுக்கினேன்.
அவருடைய குற்றத்துக்கு ஒரு மாதம் கூடியது.
கடைசிப் புரூஃபில் அவர் கையொப்பம் இருக்கிறது;
கண்டாரோ, காணாததுபோல் விட்டாரோ.

விசாரணைக்குழு கணக்குச் சரி என்றது.
பஸ்ஸில் சனம் அந்த வரியை மட்டும்
திரும்பத் திரும்ப வாசித்துச் சிரித்தது.

அடுத்த மாசி, காலிமுகத்திடலில்
ஐந்து சதத்துக்குக் கடலை வாங்கினேன்.
சுருளை விரித்தால் பதினோராம் பக்கம்.
எண்ணெய் ஊறி
பின்பக்கத்து 'நான்'கள் மறுபுறமாய்த் தெரிந்தன,
எனக்குப் பழக்கமான பக்கத்தால்.
ஆனி, ஆனியாகவே இருந்தது.

கலியாணக் காட்டின் ன்களை
நான் திருப்பிக் கொடுக்கவேயில்லை.