இடைவேளை விடுகிற நாடு

இந்த நாட்டில் நான் முதலில் நம்பியது
வங்கியை அல்ல, ரயிலின் நேரத்தை அல்ல.
படத்தின் நடுவில் விளக்குப் போட்டு
பத்து நிமிடம் விடுகிறார்களே, அதை.

பீல் என்றும் பியேன் என்றும்
பலகையில் இரண்டு பெயர் எழுதிய ஊர்.
வந்த மூன்றாம் மாதம்
குளிருக்கு ஒதுங்கிய தியேட்டரில்
நாயகி கடிதத்தைப் பிரிக்கிற இடத்தில்
வெடுக்கென்று திரை வெளுத்தது.
சனம் எழும்பி ஐஸ்கிரீம் வாங்கப் போனது.
நான் கதிரையில் இருந்தபடி சிரித்தேன்.
அட, நீங்களும் நம்மாட்கள்தானா!

பாரிஸில் இருக்கும் மச்சான் வாகீசன்
இதை நம்பமாட்டேன் என்கிறான்.
அங்கே இடைவேளை விட்டால்
இன்னொரு புரட்சி வெடிக்குமாம்.

திங்கட்கிழமை எனக்கு ஓய்வு.
மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரிக் குசினியில்
உப்பில்லாத சூப்புக்கு நான் பொறுப்பு.
திங்கள் மாலை ஆறரைக்கு
மூன்றாம் வரிசை, இடது ஓரம்,
ஒரு கை கழன்ற கதிரை.
அதில் இருந்துதான்
ஜப்பான் மழையில் நனைந்தேன்.
செனகல் மீனவன் கடனை எண்ணுகையில்
கூடவே எண்ணிப் பிழை விட்டேன்.
போலந்துப் பாதிரியார் ஒருவர்
பன்னிரண்டு நிமிடம் உருளைக்கிழங்கு உரித்தார்.
தொழில் தெரிந்தவன் சொல்கிறேன்,
கத்தி பிடித்த விதம் பிழை.
ஆனால் தோல் சுருண்டு வாளியில் விழுந்த சத்தத்தில்
அவர் கடவுளைக் கைவிட்டது கேட்டது.

கீழே எழுத்து இரண்டு வரி:
பிரெஞ்சு ஒன்று, ஜெர்மன் ஒன்று.
பிரெஞ்சில் எனக்கு எழுவாய் மட்டும் பிடிபடும்.
ஜெர்மனில் வினைச்சொல் வந்து சேருமுன்
ஆள் செத்து அடக்கமும் முடிந்துவிடும்.
ஆக, யார் என்று மேலே பார்த்து
என்ன செய்தார் என்று கீழே தேடி
இரண்டும் கைவிட்ட நேரத்தில்
முகத்தைப் பார்க்கப் பழகினேன்.
முகத்துக்கு எவரும் எழுத்துப் போடுவதில்லை.

படம் ஓட்டுகிறவர் பெயர் பேயாட்.
சிரிக்காதீர்கள், இங்கே அது நல்ல பெயர்.
ஒருநாள் கேட்டார்:
ஞாயிறு காலை வாடகைக்கு எடுக்கிற உங்கள் சனம்
ஏன் காகிதம் எறிகிறது?
ஆளே வரவில்லை,
சப்பாத்தைக் கண்டதும் ஏன் விசில்?

முதலில் சப்பாத்து, பிறகு கைக்கடிகாரம்,
பிறகு பிடரி.
முகத்தைத் தவணையில் தருவார்கள்,
நாங்கள் ரொக்கமாகக் கத்துவோம் என்றேன்.
"நீயும் எறிவாயா?"
"எறிவேன்."
"திங்கட்கிழமை மூச்சுக் காட்டாதவன்?"
"அதே ஆள்தான்."

இரண்டில் ஒன்று நடிப்பு என்பான் வாகீசன்.
கணவாய்க் கறியில் கண்ணீர் விட்ட நாக்குத்தான்
விடியற்காலை சூப்பையும் ருசி பார்க்கிறது.
வேறு நாக்கு என்னிடம் இல்லை.

போன தை மாதம், ஒரு திங்கள்.
பேசாப் படம். பியானோவுக்கு ஒரு மாணவி.
பதினொரு பேர் இருந்தோம்.
திரை முழுக்கப் பனி.
கறுப்புக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி
எங்களுக்கு முதுகு காட்டிப் போகிறாள்.
திரும்புவாளா என்று
பியானோவும் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தது.

அப்போதுதான்
மேலே திரைச்சீலை மடிப்பில் இருந்து
முந்தின நாள் மிச்சம்,
மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று,
அவசரமே இல்லாமல் இறங்கின.
ப்ரொஜெக்டர் வெளிச்சத்துக்குள் வந்ததும்
நூறு வருசத்துப் பனியில்
நிறம் பற்றிக்கொண்டது.

"ஆ" என்றார்
முன்வரிசை மதாம் ஜாக்கே.
அவ்வளவுதான் அவர் விசில்.
சிவப்பு அவர் தலையில் தங்கியது.

பேயாட் அந்த நேரம் பார்த்து
விளக்கைப் போட்டார்.
இடைவேளை.

மதாம் எழுந்து ஓட்டுகிற அறையை அண்ணாந்தார்.
இது என்ன, புது உத்தியா?
சின்ன ஜன்னலுக்குள் இருந்து
ஒரு விரல் என்னைக் காட்டியது.
பதினொரு பேரில் பத்துப் பேரும் திரும்பினார்கள்.
பனியில் போனவள் மட்டும்
இன்னும் திரும்பவில்லை.

மதாம் என் பக்கத்தில் வந்து இருந்தார்,
தலையில் சிவப்போடு.
என்னிடம் பாதிப் பிரெஞ்சு, கால் ஜெர்மன்,
பத்து நிமிடம்.

சப்பாத்தில் இருந்து தொடங்கினேன்.