மைனஸ் இருபத்து நான்கு கிலோ

கிளாக்ஸ்விக் மீன் கொட்டகையிலிருந்து ஹானுஸ் கூப்பிட்டார்.
"மீன் கொண்டுவந்தவன்தான் நமக்குக் காசு கட்டணுமாம்.
உங்கள் தராசு சொல்கிறது."
படமும் வந்தது:
தட்டில் அடங்காமல் வால் தொங்கும் ஹாலிபட்,
மேலே பச்சை எண்களில்
மைனஸ் 24.236.

இருபத்தெட்டு வருடம் கோட் மீனையும் ஹேடக்கையும்
முறையாக நிறுத்துக் கொடுத்த தராசு.
ராட்சத மீனெல்லாம் வெளித் தராசுக்குப் போய்விடும்;
அன்று அதன் கம்பி அறுந்திருந்தது.
பதினாறு பிட்டில் எண்ணுகிறவனுக்கு
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு கிராமோடு
உலகம் முடிகிறது.
மேலே ஒரு கிராம் வைத்தால்
கடன்காரனாகி மறுகரையில் விழுவான்.

தோர்ஷவ்னில், அலுவலக நிலவறையில்,
பழுப்பேறிய கணினியை எழுப்பினேன்.
உள்ளே பேட்டரி செத்துவிட்டதால்
எப்போது எழுப்பினாலும் அதற்கு 1980, ஜனவரி ஒன்று.
முதுகில் கட்டைவிரல் அளவு உரிமப் பூட்டு,
திருகு தேய்ந்து ரப்பர் பாண்டு போட்டது.
அது ஆடாமல் இருந்தால்தான்
கம்பைலர் வாய் திறக்கும்.

புதுக் கம்பைலரில் முயலாமல் இல்லை.
மூன்று நொடியில் முடித்துக் கொடுத்தது.
சோதனை மேஜையில்
அதே இரண்டு கிலோ இரும்பு
வைக்கும்போதெல்லாம் வேறு எடை சொன்னது.
தோண்டிப் பார்த்தால்
ஐயாயிரம் தரம் சும்மா சுற்றும் ஒரு வரி.
பக்கத்தில் யாரோ குறித்திருக்கிறார்:
இங்கே காத்திருக்கிறோம்.
தட்டின் ஆட்டம் அடங்கட்டும் என்று.
ஒன்றும் செய்யாத வரி எதற்கு என்று
கெட்டிக்காரப் புதியது
வெட்டி எறிந்துவிட்டது.

சரி, பழையதிடமே.
முதலில் ஒரு எழுத்தும் மாற்றாமல் உருவாக்கி
சிப்பில் இருப்பதோடு பைட் பைட்டாக ஒப்பிட்டேன்.
மூன்று இடத்தில் ஒட்டவில்லை.
இரவு பத்தரைக்குப் புரிந்தது, அது தேதி.
கணினியிடம் 1996, மார்ச் 14 என்று பொய் சொன்னேன்
(எனக்கு அப்போது ஏழு வயது,
அம்மை போட்டுக் கிடந்தது அந்த மார்ச்சில்தான்).
அச்சு அசலாக அதே சிப்.
இனி தொடலாம்.

குறியில்லாத எண்ணாக மாற்றினேன், ஒரே சொல்.
நாற்பது கிலோ நாற்பதாக வந்தது.
ஆனால் கழித்து வைத்த கூடையைத் தூக்கியதும்
வெறும் தட்டு அறுபத்து மூன்று கிலோ.
காற்றை விற்றே பணக்காரர் ஆகலாம், ஹானுஸ்.

முப்பத்திரண்டு பிட்தான் வழி.
அதற்கு முப்பத்தெட்டு பைட் வேண்டும்.
சிப்பில் காலி பதினொன்று.
மூன்று நாள் ஒவ்வொரு வரியையும் பிழிந்தேன்,
சொட்டவில்லை.
கடைசியில் கண்ணில் பட்டது
சுவிட்சைப் போட்டதும் திரையில் வரும் காலை வணக்கம்.
பதின்மூன்று பைட்.
எங்கள் மொழியின் இரண்டு எழுத்துகள்
அந்த ஜப்பான் திரைக்குத் தெரியாது.
யாரோ உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வரைந்திருக்கிறார்,
ஒன்றின் கழுத்தில் குறுக்குக் கோடு,
ஒன்றின் தலையில் சாய்ந்த சிறு கீற்று.
அவை பதினாறு.
எடுத்தேன்.
மிச்சம் இரண்டு.

வியாழக்கிழமை ஹானுஸ் கூப்பிட்டார்.
"இரும்புக் கட்டிகளை அடுக்கிப் பார்த்தேன். சரியாக இருக்கிறது."
போனை வைக்கவில்லை.
பின்னால் கடற்பறவைகள், தரை கழுவும் குழாய்ச் சத்தம்.
"காலையில் போட்டால்
ஒன்றும் சொல்லாமல் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.
அதற்கு என்மேல் ஏதாவது கோபமா?"

இடமில்லை என்றேன்.
சுத்தமாகவா என்றார்.
இரண்டு பைட் இருக்கிறது,
முடிவுக்குறி போக ஒரு எழுத்து போடலாம்.

ஒரே ஒரு எழுத்து என்றால்
எதைப் போடுவது.
அவர் யோசித்தார். நானும்.
குழாய் நின்றிருந்தது.
போனைக் காதில் வைத்தபடி
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
ஒன்றும் செய்யாமல் இருந்தோம்.