சொட்டுக் கணக்கு

‘கடின நீர் என்றால் என்ன?’
இரண்டு மதிப்பெண்.
நாற்பத்தொரு பேரும்
காற்புள்ளி பிசகாமல் எழுதியிருந்தார்கள்.
யுவஸ்ரீ மட்டும் விடைக்குக் கீழே
பென்சிலில் ஒரு வரி:
‘எங்க வீட்டுத் தண்ணி எவ்ளோ கடினம் மிஸ்?’

தெரியாது.
பேரணாம்பட்டில் ஒன்பது வருஷமாக
அதே தண்ணீரில்தான் தலை குளிக்கிறேன்.
சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

மறுநாள்
பையில் புத்தகம் பாதி, பாட்டில் பாதி.
காலிக் கண்மருந்துப் புட்டிகளில்
சோப்புக் கரைசல்.
ஐம்பது மில்லி தண்ணீர், ஒரு சொட்டு, குலுக்கு.
நுரை ஒரு நிமிஷம் நிற்கும்வரை
சொட்டை எண்ணு.
அதற்கு முன்னால் ஒரு வேலை:
எந்தத் தெரு ஜெயிக்கும் என்று
துண்டுத் தாளில் எழுதி மடித்துக் கொடு.

நானும் எழுதிக் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தால்
முப்பத்தெட்டுத் தாளில் ஒரே பெயர்:
தோல் ஷாப் பின்தெரு.
இம்தியாஸின் வீடு அங்கே.
அவன் அப்பா அந்த ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவர்.
அவன் தாளில் ‘தெரியல’.

பிறகு அரைமணி நேரம்
வகுப்பறையில் குலுக்கல் சத்தம்,
தலைமையாசிரியர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போன சத்தம்.

கரும்பலகையில்,
பாறைத் தெரு: முப்பத்துநாலு சொட்டு.
பள்ளிக்கூட பம்பு: இருபத்தாறு.
தோல் ஷாப் பின்தெரு: ஒன்பது.

ஒன்பதா!
“இன்னா மிஸ், தப்பா எண்ணிக்கினான்.”
“பத்தொன்பதுன்னு போட்டுக்கலாம் மிஸ்.”
பொய் சொல்லவில்லை,
என் கையும் டஸ்டர்வரை போனது.
குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிட்டுத்தான்
விசாரணைக்கே உட்கார்ந்திருந்தோம்,
நாற்பத்திரண்டு பேரும்.

கடைசி பெஞ்சில் முபஷிரா எழுந்தாள்.
“எல்லாருக்கும் ஒரே சோப்பா?”

இல்லை.
இம்தியாஸின் பெஞ்சுக்குக் கரைசல் தீர்ந்துபோக
யாரோ துணி பவுடரைக் கலக்கியிருந்தார்கள்.
துணி பவுடருக்குக் கடினநீர் ஒரு பொருட்டில்லை,
எதிலும் நுரைக்கும்.

மறுபடி. ஒரே சோப்பு, ஒரே புட்டி,
குலுக்குவதும் ஒரே கை, தன்வந்த்தின் கை.
பின்தெரு: முப்பத்தொன்று.
பாறைத் தெரு அதே முப்பத்துநாலு.
எங்கள் முப்பத்தெட்டுத் தாளும் தோற்றன.
என்னுடையதும் அதில் ஒன்று.

இம்தியாஸ் சிரிக்கவில்லை.
“அப்போ எங்க தண்ணி
பாறைத் தெருவைவிட நல்ல தண்ணியா மிஸ்?”

அந்தக் கேள்விக்குப் பக்க எண் கிடையாது.
சோப்பு கடினத்தை மட்டும் சொல்லும்.
வேறு என்ன கரைந்திருக்கிறது என்று
அதைக் கேட்டால் வெறுமனே நுரைக்கும்.
நாம் கேட்டது எதுவோ
அதற்குத்தான் பதில் வந்திருக்கிறது என்றேன்.
“அப்போ வேற மாதிரி கேக்கணும்”
என்று உட்கார்ந்தான்.

வேறு மாதிரி கேட்க ஆய்வகம் இல்லை.
ஒரு தராசு உண்டு, அதற்கும் ஒரு தட்டு இல்லை.
ஆனால் மே மாதம் நெருங்குகிறது,
ஊரே திட்டுகிற வேலூர் வெயில்
சும்மாதானே காய்கிறது?
அதற்கு முதல்முறையாக
ஒரு வேலை கொடுத்தோம்.

மொட்டை மாடியில் பதினொரு எவர்சில்வர் தட்டு,
ஒவ்வொன்றிலும் அளந்து ஊற்றிய ஒரு தெரு.
தண்ணீர் போனபின் மிஞ்சுவது என்ன நிறம்,
எவ்வளவு, சுரண்டினால் வருமா.
ஒரு தட்டில் மட்டும் ஒன்றுமில்லாத மழைநீர்,
ஒப்பிட, என்று
முபஷிராவே வைத்தாள்.

இரண்டாம் நாள் காலை
நான் படியேறிப் போவதற்குள்
இம்தியாஸ் குறிப்பெடுத்து முடித்திருந்தான்.
அவன் தெருவின் தட்டுதான்.
அழிக்கவில்லை, மாற்றவில்லை, கோணல் கையெழுத்தில்:

‘தட்டு 7. கணக்கில் சேர்க்க வேண்டாம்.
காக்கா குடித்துவிட்டது.
திரும்ப வைக்கணும்.
காக்காவையும் கவனிக்கணும்.’