பத்து கிகாஹெர்ட்ஸில் ஒரு கையுறை

ஊலுவில் ஜனவரி. பகல் மூன்று மணிக்கே
தெருவிளக்குகளுக்கு வேலை வந்துவிட்டது.
உர்போ ஒற்றைக் கையுறையோடு உள்ளே வருகிறார்.
இன்னொன்றை நேற்றிலிருந்து காணவில்லை.
பட்டறை, பேருந்து, காப்பி அறை,
எல்லா இடத்திலும் தேடியாயிற்று.

வெறுங்கையைப் பைக்குள் திணித்தபடி
மற்றக் கையால் அவர் நீட்டிய பெட்டியில்
நாற்பத்திரண்டு தகடுகள்.
டெஃப்லான் ஒன்று, பீங்கான் ஒன்று,
மீண்டும் டெஃப்லான், மீண்டும் பீங்கான்.
தடிமன் இரண்டு மில்லிமீட்டர்.

வெல்லாமோவின் தாளில் முதலில் இருந்தது
கட்டம் போட்ட துணிபோல் ஒரு சமதளம்.
அதன் அடியில் விரலை நுழைத்துத்
தூக்கினாள், கணக்கில்தான்.
கோடுகள் அறவில்லை. நெருங்கின, சாய்ந்தன.
சாய்ந்த வெளிக்கு ஏற்ற பொருளைப்
பிறகுதான் தேடினாள்:
ஒரு திசையில் அலையை விரையவிட்டு
குறுக்கே தயங்கவைக்கும் பொருள்.
எந்தக் கிடங்கிலும் இல்லை.
அதனால் இந்தத் தகடுகள்.

அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டர்.
இரண்டு மில்லிமீட்டரை அதற்கு எண்ணத் தெரியாது;
அடுக்கை ஒரே பொருளென்று நம்பிவிடும்.
உர்போவுக்கு இது பிடிக்கவில்லை.
"மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புகிறீர்கள்.
அலைக்கே தெரியாது என்றும் சொல்கிறீர்கள்."

அறைக்குள் சுவரெங்கும் கரிநுரைக் கூம்புகள்.
இருமினால் இருமல் திரும்பி வராது.
திங்களன்று அளந்தோம், வெறும் செம்புத் தரை:
சாய்ந்து போன கற்றை
அதே சாய்வில் மறுபக்கம் எழுந்தது.
நேற்று உர்போ சுமந்துவந்து திருகியது
மடித்த செம்புக் கூரை:
கற்றை பாம்பு நாக்காய்ப் பிளந்தது.
இன்று கூரையின் இரு சரிவிலும்
இருபத்தொன்று இருபத்தொன்றாகத் தகடுகள்.

திரையில் மீண்டும் ஒரே கற்றை.

வெல்லாமோ சிரிக்கவில்லை.
"திங்கட்கிழமைக் கோப்பைத் திறந்துவிட்டாயா?"
இல்லை என்றேன்.
"கூரை அங்கேதான் இருக்கிறதா?"
கதவைத் திறந்து போய்
முழங்காலை இடித்துக்கொண்டு வந்தேன்.
இருக்கிறது.

முழுப் பூசணிக்காய்தான். சோறும் தெரிகிறது, காயும் தெரிகிறது,
கண்ணுக்கு.
பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் வெறும் இலை.

அதையும் அவள் விட்டுவைக்கவில்லை.
ஆன்டெனாவைத் தொண்ணூறு பாகை திருப்பச் சொன்னாள்.
அலை படுத்துக்கொண்டு போனது,
நாக்கு பிளந்தது.
"இதையும் எழுது," என்றாள். "அதே பக்கத்தில்,
அதே அளவு வரைபடமாக."

ஏழு மணிக்குத் திருகுகளைக் கழற்றிக்
கூரையைத் தூக்கினார் உர்போ.
உள்ளே சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை.
சுமந்துவரும்போது செம்பு அதிராமலிருக்க
அவரே திணித்தது.

மூவரும் அதைப் பார்த்தபடி நின்றோம்.
எங்கள் அலை ஒன்றுகூட அதைத் தொடவில்லை.
அதற்கும் எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது,
நாள் முழுக்கத் தன் மேல் என்ன நடந்ததென்று.

உர்போ மாட்டிக்கொண்டார். "குளிர்கிறது," என்றார்.

நாளைக்குப் பதினெட்டு கிகாஹெர்ட்ஸ்.
அலை குட்டையாகும், தகடுகளை
ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கும்,
அங்கே தோற்போம் என்கிறாள் வெல்லாமோ.

"எண்ணட்டும்," என்றார் உர்போ கதவருகில்.
"நாற்பத்திரண்டும் சரியாக இருக்கும்."